பழியெல்லாம் வீட்டுக்கே

நகரியில் எங்கள் வீட்டுக்கு வருடத்துக்கு ஒருமுறை வருகிற சொந்தக்காரர்கள் நேராகப் போய்ச் சுவருக்கு முன்னால்தான் நிற்பார்கள். போன தீபாவளிக்கு வந்தபோது வாசல் இருந்த இடம் அது. "இங்கதானே இருந்துச்சு?" என்று கையால் தடவிக்கூடப் பார்த்திருக்கிறார்கள். உள்ளேயிருந்து அம்மா, "சுத்திகினு இந்தப் பக்கம் வாங்க, இப்போ இங்க கீது" என்று குரல் கொடுப்பாள். அவர்கள் பழப்பையும் பிள்ளைகளுமாகச் சுற்றிக்கொண்டு வருவார்கள். எங்களுக்கு அதெல்லாம் பழகிப்போன விஷயம்.

எல்லாம் நைனா, அதாவது என் அப்பா, செய்த வேலை. மனுசருக்கு வாஸ்து பைத்தியம் என்று தெருவே சொல்லும். எங்கள் பக்கத்தில் வாஸ்து பார்க்காத ஆள் யார் என்று கேட்டால் அதுவும் நியாயம்தான். மனை வாங்கும்போதே வடகிழக்கு ஈசானி மூலை எது, தென்மேற்குக் கன்னி மூலை எது என்று கேட்டுக்கொண்டு காலை வைக்கிற ஊர். ஆனால் மற்றவர்கள் வீடு கட்டும்போது பார்ப்பார்கள், கிரகப்பிரவேசம் முடிந்ததும் மறந்துவிடுவார்கள். நைனா மறக்கவில்லை. வீட்டில் யாராவது தப்புச் செய்துவிட்டால் அந்த ஆளை அவர் ஏறெடுத்துப் பார்க்கமாட்டார். வீட்டைப் பார்ப்பார். எந்தச் சுவர் இடிக்கிறது, எந்த ஜன்னல் இடைஞ்சலாக இருக்கிறது என்று தேடுவார். கண்டுபிடித்தும் விடுவார். ஞாயிற்றுக்கிழமை காலை கடப்பாரைச் சத்தம் கேட்கும்.

அவர் போன பிறகு அந்த வீட்டில் ஒரு செங்கல்கூட இடம் மாறவில்லை. இப்போது தம்பிதான் அங்கே குடும்பத்தோடு இருக்கிறான். காலண்டர் மாட்ட ஓர் ஆணி அடிக்கக்கூட அவனுக்கு மனசு வரவில்லை. "போதும்க்கா, இந்த வீடு வாங்கின அடி" என்கிறான்.

நைனா ரேணிகுண்டாவில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தார். காலை ரயிலில் போய்ச் சாயங்கால ரயிலில் வருவார். சட்டைப்பையில் ரயில் பாஸ், ஒரு பேனா, வட்டமாக ஒரு காம்பஸ். அந்தக் காம்பஸைப் பார்த்துப் புது ரயில் சிநேகிதர்கள், கப்பலில் வேலை பார்த்தவரோ என்று நினைத்துக்கொள்வார்களாம். குட்டையான ஆள், மெதுவான பேச்சு. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை.

தம்பி இண்டர், உங்கள் பக்கத்து பிளஸ் டூ, படிக்கும்போது கணக்கில் பெயிலானான். ஆகாமல் என்ன செய்வான்? பரீட்சைக்கு முந்தின வாரம் பூராவும் திருத்தணியில் சினிமா பார்த்துக்கொண்டிருந்தவன். ரிசல்ட் வந்த அன்றைக்கு அம்மா துடைப்பத்தோடு அவனைத் தெருக்கோடி வரைக்கும் துரத்தினாள். அக்கம்பக்கத்து வீடுகள் தறியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தன. நைனா ஸ்டேஷனிலிருந்து வந்தார், விஷயத்தைக் கேட்டார், சட்டையைக் கழற்றி மாட்டினார். இன்றைக்குத்தான் முதுகு பிய்யப்போகிறது என்று தம்பி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றான். அவர் அவனைத் தாண்டிப் போய் மாடிப்படிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

"ஈசானி மூலையில இம்மாம் பாரத்த ஏத்தி வச்சிகினு கீறோம். புள்ளைக்கு எப்படிப் படிப்பு ஏறும்?"

அந்த ஞாயிறு மேஸ்திரி வந்தார். தெலுங்கு பேசுகிறவர், எங்கள் வீட்டு வேலையிலேயே தன் பெண்களுக்குக் கல்யாணம் செய்துவிட்டதாக அம்மா கேலி செய்வாள். கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நின்று, "மள்ளீயா சார்?" என்று சிரிப்பார். மறுபடியுமா என்று அர்த்தம். அதுதான் அவர் எங்கள் வீட்டுக்கு வைக்கிற வணக்கம்.

மாடிப்படி தெற்குப் பக்கம் போயிற்று. தம்பி சப்ளிமெண்டரியில் பாஸ் பண்ணினான். அடி விழாத வெட்கத்தில் அவன் எப்படி உட்கார்ந்து படித்தான் என்று நான் பார்த்தேன். ஆனால் நைனா எல்லோரிடமும் மாடிப்படி பெருமையைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஒருநாள் தம்பிக்குப் பொறுக்கவில்லை. "நான்தான் நைனா படிச்சேன்" என்றான்.

"நீதான் நைனா படிச்ச. யாரு இல்லன்னாங்க? அது குறுக்க நின்னுகினு இருந்துச்சு, அவ்ளோதான்" என்று அவன் தலையைத் தடவிவிட்டுப் போனார். எங்கள் பக்கம் பிள்ளையையும் நைனா என்றுதான் கொஞ்சுவார்கள்.

நான் பள்ளிக்கூடத்தில் கம்மலைத் தொலைத்தபோது பீரோ இடம் மாறியது. ஒரு சொல்கூட ஏச்சு இல்லை. "வடக்கு பாத்து வைக்க வேண்டியத மேற்கு பாத்து வச்சிட்டேன்மா" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார். எனக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதியாக இருந்தது தெரியுமா? என் கூடப் படித்த பெண்களெல்லாம் வீட்டுக்குப் போகவே பயப்படுவார்கள். நாங்கள் எதைச் செய்துவிட்டும் தைரியமாக வீட்டுக்குப் போவோம்.

சித்தப்பா கதை இன்னும் மேல். வீட்டில் ஒரு விசேஷம், பந்தி நடந்துகொண்டிருக்கிறது. சித்தப்பா மூக்குமுட்டக் குடித்துவிட்டு வந்து, போட்ட இலைமேலேயே விழுந்தார். சாம்பார் வாளி கவிழ்ந்தது. அம்மாவின் அண்ணன்கள் அவரைத் தூக்கித் தெருவில் வீச எழுந்தார்கள். நைனா நடுவில் புகுந்து கையை விரித்தார்.

"அவன் இன்னா பண்ணுவான்? தண்ணித் தொட்டிய கொண்டும்போய் கன்னி மூலையில தோண்டினது நானு."

பந்தியில் உட்கார்ந்திருந்தவர்களுக்குச் சிரிப்பதா சாப்பிடுவதா என்று தெரியவில்லை. மாமாக்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். சீக்கிரத்திலேயே தொட்டியை மூடியாயிற்று. மண் சுமந்தவர் சித்தப்பா. அன்றைக்கு அவர் ஒரு சொட்டுத் தொடவில்லை. கூடை கூடையாகக் கொட்டிக்கொண்டே மூக்கைச் சிந்தி அழுதார். குடியை விட்டாரா என்றால், இல்லை. ஆனால் அதற்கப்புறம் எங்கள் வீட்டுக்கு வருகிற அன்றைக்கு மட்டும் குடிக்காமல் வருவார்.

இதிலெல்லாம் அகப்பட்டுக்கொண்டு முழித்தவள் அம்மா. அவளுடைய அடுப்படி எத்தனை இடம் மாறியது என்று அவளுக்கே கணக்கில்லை. சிமெண்ட் தூசிக்கு நடுவே குளியலறை ஓரம் அடுப்பு வைத்துச் சமைத்திருக்கிறாள். ஒருநாள் சாம்பாரில் உப்புக் கரித்தது. நைனா ஒரு வாய் வைத்துவிட்டு, தட்டைப் பார்க்காமல் அடுப்பு இருந்த திசையைப் பார்த்தார். அம்மாவுக்கு வந்ததே கோபம்.

"தோ பாருங்க. உப்பு அதிகமாப் போட்டது நானு. என் கை. இந்தக் கை. ஒரு வாட்டி நல்லா திட்டிட்டு துன்னுங்க. அடுப்ப மட்டும் தொடாதீங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

நைனா சிரித்துவிட்டு மோர் ஊற்றிக்கொண்டு சாப்பிட்டார். திட்டவில்லை. கொஞ்ச நாள் கழித்து அடுப்பு திரும்பிக்கொண்டது.

ஏன் இப்படி என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். "உங்க தாத்தா வாய் அப்படி" என்பாள். நைனாவின் நைனா சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் வீட்டில் இருக்கிற ஒவ்வொருத்தரையும் இழுத்து வைத்துப் பழி சொல்லி முடித்துவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பாராம். மழை பெய்யாவிட்டாலும் அதற்கு வீட்டில் ஓர் ஆள் பொறுப்பாம். அதனால்தானோ, இல்லை பிறவியே அப்படியோ, எனக்குத் தெரியாது. நைனாவிடம் ஒருமுறை தாத்தாவைப் பற்றிக் கேட்டேன். 

"அந்த வீட்ல ஜன்னலே கெடையாதும்மா" என்றார்.

இடிப்பதையும் பூசுவதையும் பார்த்தே வளர்ந்ததாலோ என்னவோ நான் சிவில் டிப்ளமோ படித்தேன். திருப்பதியில் ஒரு சின்ன ஆபீஸில் வேலை கிடைத்தது. பழைய சத்திரம், மண்டபம், பங்களா என்று போய், இருக்கிறதை இருக்கிறபடி அளந்து வரைபடம் போட்டுக் கொடுக்கிற வேலை. யாராவது அதைப் பழுதுபார்க்க வேண்டுமென்றால் முதலில் எங்கள் வரைபடம் வேண்டும். மாதத்தில் சில நாள் வெளியூர் தங்க வேண்டியிருக்கும். எனக்கு உயிரான வேலை. சுண்ணாம்பு வாசமும் வௌவால் நாற்றமும் இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது என்று நைனா கிண்டல் செய்வார்.

வரன் பார்க்க ஆரம்பித்ததும் என் கட்டிலை வடமேற்கு அறைக்கு மாற்றினார். வாயு மூலை. காற்றுக்கு உரிய இடமாம். அங்கே படுக்கிற பெண் சீக்கிரமே கல்யாணமாகிப் புருஷன் வீட்டுக்குப் போய்விடுவாளாம். போனேன். சித்தூரில் கொடுத்தார்கள்.

என் வீட்டுக்காரரைப் பற்றி ஊரில் கேட்டால் தங்கமான பிள்ளை என்பார்கள். பெரியவர்களைக் கண்டால் வண்டியை நிறுத்தி இறங்கிப் பேசுவார். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினால் வேறு ஆள். நான் வேலைக்கு வெளியூர் போய்விட்டு வந்தால் முகம் கொடுத்துப் பேசமாட்டார். பிறகு பொருள்கள் பறந்தன. பிறகு ஒருநாள் கன்னத்தில் அறை. மாமியார், "அவன் பசியில கீறான், நீ எதுக்குப் பதில் பேசற?" என்றார். நானும் பசி என்றே நினைத்துக்கொண்டேன். அடுத்த தடவை உதடு கிழிந்தது. பையில் துணியைத் திணித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

நைனா அப்போது ரிடையராகி வீட்டில் இருந்தார். நான் உள்ளே நுழைந்ததும் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சுவரோடு உட்கார்ந்துவிட்டாள். நைனா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் உதட்டைப் பார்த்தார், பார்வையை எடுத்துக்கொண்டார். மெதுவாகக் கேட்டார்.

"உங்க வீட்ல தலைவாசல் எந்தப் பக்கம்மா பாத்துகினு கீது? தெற்குதானே?"

அந்தச் சொம்பைத் தூக்கி எறிந்துவிடலாமா என்று இருந்தது. எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில். ஆனால் அன்றைக்கு வாய் திறந்தால் உதடு வலித்தது. எழுந்து உள்ளே போனேன். அம்மா எனக்குப் பாய் விரித்திருந்த இடத்தைப் பார்த்தேன். வடமேற்கு அறை. நைனா சொல்லித்தான் விரித்திருப்பாள். வீட்டைவிட்டுப் போக வேண்டியவர்கள் படுக்கிற அறை அது. இந்த மனுசர் என்னைத் திருப்பி அனுப்பப் பார்க்கிறார் என்று புரிந்துவிட்டது.

அதோடு நிற்கவில்லை. மறுநாள் அவரே என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். "மாப்ளே, நல்லா கீறீங்களா? ஒண்ணுமில்ல, உங்க தலைவாசல்தான் கொஞ்சம் யோசனையா கீது" என்று ஆரம்பித்து, தெற்கு வாசல் கோபத்தைக் கிளப்பும், கிழக்கே மாற்றினால் சாந்தமாகிவிடும் என்று அந்த ஆளுக்கே அன்பாக விளக்கிச் சொன்னார். மாடிப்படியும் தண்ணீர்த் தொட்டியும் எங்களைக் காப்பாற்றிய அதே நாக்கு. எனக்கு அன்றைக்குத்தான் அவர்மேல் முதல்முறையாக வெறுப்பு வந்தது. வெறுப்புத்தான், வேறு சொல் இல்லை.

தம்பி பெங்களூரிலிருந்து ஓடிவந்து போலீஸுக்குப் போகலாம் என்று குதித்தான். அம்மா அவன் வாயைப் பொத்தினாள். "பொண்ணு வாழணும்டா" என்றாள். 

அந்தச் சமயத்தில்தான் ஆபீஸில் ஒரு வேலை வந்தது. கார்வேட்டிநகரம் போகிற வழியில் பழைய ஜமீன் பங்களா ஒன்று. அதற்கு முன் சந்திரகிரி மகாலில் சில அளவுகளை ஒத்துப் பார்க்க வேண்டும். "ஒத்தையா போவாத, நானும் வரேன்" என்று நைனா கிளம்பிவிட்டார். எனக்கு அவரோடு பேசவே இஷ்டமில்லை. ஆனால் டேப்பின் அந்த முனையைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது.

சந்திரகிரியில் அவர் சின்னப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டார். கழுத்தை வளைத்து வளைத்து வளைவுகளைப் பார்த்தார். ராஜா எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பார் என்று நான் அளக்கிற இடத்திலெல்லாம் வந்து கேட்டார். தெரியாது என்றேன். காம்பஸை எடுத்துத் தரையில் வைத்துப் பார்த்தார். "எல்லாம் சரியாத்தானே வச்சிருக்கான். அப்புறம் ஏன் ராஜ்யம் போச்சு?" என்று அவருக்குள் பேசிக்கொண்டார். நான் அடுத்த அளவைக் குறித்துக்கொண்டேன்.

ஜமீன் பங்களாவில் யாரும் குடியில்லை. பெரிய கூடம், இரண்டு பக்கமும் தூண்கள், தரையில் சிவப்பும் கறுப்பும் கலந்த பூ வேலை. கூடத்தின் நட்டநடுவில் ஒரு சுவர். தரையின் பூவை நடுவில் வெட்டிக்கொண்டு, தூணைப் பாதி விழுங்கிக்கொண்டு, கூரை வரைக்கும் எழும்பியிருந்தது. அந்தக் கட்டடத்தோடு கட்டின சுவர் இல்லை, பின்னால் யாரோ அவசரத்தில் எழுப்பியது. கூட வந்த வாட்ச்மேன் தெலுங்கில் சொன்னார்: அண்ணன் தம்பி சண்டை. கோர்ட்டு வரைக்கும் போய், இந்தச் சுவரைக் கட்டிக்கொண்டு, கடைசியில் இரண்டு பேருமே விட்டுவிட்டுப் போய்விட்டார்களாம்.

நைனாவுக்கு முகமெல்லாம் வெளிச்சம். சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

"பாத்தியாம்மா? பிரம்மஸ்தானம். வீட்டுக்கு நட்டநடு. இங்க பாரம் ஏத்தினா வீடு நிக்குமா? பாவம், யாராச்சும் ஒருத்தர் சொல்லியிருந்தா அண்ணன் தம்பிங்க ஒத்துமையா இருந்திருப்பாங்க."

"நைனா" என்றேன். "மொதல்ல சண்டை. அப்பாலதான் சொவுரு."

"ம்?"

"வாட்ச்மேன் சொன்னது காதுல வுழல? மொதல்ல அவங்க அடிச்சிகினாங்க. அப்பால இத கட்டினாங்க. சொவுரு வந்து யாரையும் அடிச்சிக்கச் சொல்லல."

"அது இல்லம்மா..."

"எனக்கு ஒதட்ட கிழிச்சது தலைவாசல் இல்ல நைனா. வாசலுக்குக் கை கெடையாது."

வாட்ச்மேனுக்குத் தமிழ் புரிந்ததோ இல்லையோ, நைசாக வெளியே போய்விட்டார். நைனா என்னைப் பார்க்கவில்லை. குனிந்து டேப்பின் முனையை எடுத்து, "எங்க வைக்கணும், சொல்லு" என்றார். வைத்தார். அளவைப் படிக்கச் சொன்னேன். தப்பாகப் படித்தார். மறுபடி படிக்கச் சொன்னேன். அதுவும் தப்பு.  எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது, ஆனால் சொன்னதை நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. திரும்பி வருகிற வழி முழுக்க ஆபீஸ் ஜீப்பில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். புத்தூரில் இறங்கி டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தோம். அவ்வளவுதான் எங்கள் சமாதானம்.

வீட்டுக்கு வந்தால் அம்மா வாசலிலேயே காத்திருந்தாள். முகத்தில் சிரிப்புக் கொள்ளவில்லை. சித்தூரிலிருந்து சம்பந்தி அம்மாள் போன் பண்ணினாளாம். நைனா சொன்னபடியே தலைவாசலைக் கிழக்கே மாற்றிவிட்டார்களாம். ஆள் வைத்து, கதவு புதிதாகப் போட்டு, பூஜை செய்து முடித்தாயிற்றாம். "மாப்ள தானே நின்னு செஞ்சிருக்காரு. யாரு செய்வாங்க இந்தக் காலத்துல? நாள் நல்லா கீது, ஞாயித்துக்கிழம கொண்டாந்து விடுங்கன்னு சொல்றாங்க."

 இனிமேல் நான் என்ன சொல்ல முடியும்? பெண்ணைப் பெற்றவர் கேட்டதை அவர்கள் செய்துவிட்டார்கள். ஊரில் யாரிடம் சொன்னாலும், வீட்டையே இடித்து மாற்றியிருக்கிறார்கள், இதற்குமேல் என்னம்மா வேண்டும் என்பார்கள். போகமாட்டேன் என்றால் நான்தான் திமிர்பிடித்தவள். நைனாவின் முகத்தைப் பார்த்தேன். இடிந்துபோன மாதிரி இருந்தது. ஆனால் அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. "போய்ப் பாக்கலாம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா பழம், பூ, இனிப்பு எல்லாம் தட்டில் அடுக்கினாள். என் துணியை அவளே பையில் மடித்து வைத்தாள். ஒரு கார் பேசிக்கொண்டு போனோம்.   அங்கே போய்ச் சேர்ந்தபின் அம்மாவும் நைனாவும் என்னை விட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள், கதவு சாத்தப்படும். அது மட்டும்தான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

புது வாசலில் மாவிலை கட்டியிருந்தார்கள். வார்னிஷ் வாசம் மூக்கைத் துளைத்தது. பழைய வாசல் இருந்த இடத்தில் சிமெண்ட் இன்னும் ஈரமாக இருந்தது. மாமியார் என்னைக் கட்டிக்கொண்டார். என் வீட்டுக்காரர் நைனாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். எல்லோரும் உட்கார்ந்ததும் அவரே ஆரம்பித்தார்.

"எல்லாம் உங்களாலதான் மாமா. எங்களுக்கு இத சொல்ல ஆள் இல்ல. நான் மட்டும் வேணும்னா பண்ணேன்? நான் இன்னா மாமா பண்ணுவேன், வீடு அப்படி இருந்துச்சு."

நைனா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார். வீட்டைச் சுற்றிப் பார்க்கப்போகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். மாப்பிள்ளை பின்னாலேயே போனார். கூடம், பூஜை அறை, படுக்கை அறை. ஒவ்வோர் இடத்திலும் நைனா நின்று நின்று பார்த்தார். காம்பஸை வெளியே எடுக்கவே இல்லை. அம்மா என்னிடம் கிசுகிசுத்தாள், "நைனா திருப்தியா கீறாரு போல." நான் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சமையலறையிலிருந்து அவர் குரல் வந்தது. "பாப்பா, கொஞ்சம் இங்க வாம்மா."

போனேன்.

"அன்னிக்கு நீ எங்க நின்னுகினு இருந்த?"

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. என் உதடு கிழிந்த நாள். இத்தனை நாளில் அதைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி. அடுப்புக்கும் பிரிட்ஜுக்கும் நடுவில் ஒரு சின்ன இடம் இருக்கிறது, அதைக் காட்டினேன். நைனா அங்கே போய் நின்றார். முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றார். பக்கவாட்டில் நகர இடமில்லை. அங்கே நின்றபடியே மாப்பிள்ளையைப் பார்த்துக் கேட்டார்.

"நீங்க எங்க நின்னீங்க?"

மாப்பிள்ளை சிரிக்கப் பார்த்தார். "அதெல்லாம் இப்போ எதுக்கு மாமா?"

"சொல்லுங்க."

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, அதை யாரும் மூடவில்லை.  நைனா அந்த இடத்திலிருந்து வெளியே வந்தார். அந்தச் சுவரை ஒருதரம் கையால் தடவினார். கூடத்துக்கு நடந்தார். நாங்கள் பின்னால் போனோம்.

மாமியார் காபித் தம்ளரோடு நின்றிருந்தார். "எப்படி சம்பந்தி? ஏதாச்சும் கொற கீதா? சொல்லுங்க, மாத்திடலாம்."

"ஒரு கொறையும் இல்லம்மா" என்றார் நைனா. "நல்ல வீடு. பழைய வாசல்கூட நல்லாத்தான் இருந்திருக்கும். நாந்தான் வீணா ஒடைக்க வச்சிட்டேன்."

மாமியார் முகம் மலர்ந்தது. என் அம்மாவின் முகம் அப்படியே வெளுத்துவிட்டது. முப்பது வருடத்துக்கும் மேலாக அவரோடு குடித்தனம் செய்தவள். எந்த வீட்டுக்குப் போனாலும் வெளியே வந்ததும் ஏதோ ஒரு மூலையைக் குறை சொல்லாமல் அவர் இருந்ததில்லை. அவள் மெல்ல எழுந்து, கொண்டுவந்த தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ சந்தோசம்" என்றார் மாமியார். "பொண்ண வுட்டுட்டுப் போறீங்கதானே?"

நைனா குனிந்து என் பையைத் தூக்கிக்கொண்டார்.

"வீட்ல தப்பு இருந்திருந்தா வுட்டுட்டுப் போயிருப்பேன்மா" என்றார். "வீடுன்னா இடிச்சி சரி பண்ணிக்கலாம்."

செருப்பை மாட்டிக்கொண்டு அவர்தான் முதலில் வெளியே இறங்கினார்.